விளக்கைப் போட்டால் வேகம் காணாமல் போகிறதா?

முன்விளக்கைப் போட்டதும் சைக்கிள் கம்ப்யூட்டரில் வேகம் பூஜ்யத்துக்கு விழுகிறது. அணைத்தால் திரும்ப வருகிறது. இல்லையென்றால் நேர்மாறாக, டீக்கடைச் சுவரில் சாய்த்து வைத்த சைக்கிள் மணிக்கு 70 கிலோமீட்டரில் பறப்பதாகத் திரை சொல்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஆனால் பழி பெரும்பாலும் சென்சார் தலையில் விழும். பேட்டரி மாற்றுவார்கள், காந்தத்தை நகர்த்துவார்கள், கடைசியில் புது கம்ப்யூட்டரே வாங்கிவிடுவார்கள். புதியதையும் விளக்குக்குப் பக்கத்திலேயே மாட்டுவதால் அதுவும் அதே கூத்தைத்தான் ஆடும்.

காலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வீடு திரும்புகிறவருக்கு இது சின்ன எரிச்சல், அவ்வளவுதான். பிரெவே என்ற, கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணம் ஓட்டுகிறவருக்கு அப்படியில்லை. 300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரம், 400-க்கு 27, 600-க்கு 40 என்பது கெடு. அதில் இருட்டில் ஓட்டும் நேரம் கணிசமாக இருக்கும். ஜிபிஎஸ் வைத்திருப்பவர்கள் தப்பிக்கலாம். வழித்தாளை நம்பி ஓட்டுகிறவருக்கு எல்லாமே தூரக் கணக்கில்தான் இருக்கிறது: '143.6-ல் பெட்ரோல் பங்க் தாண்டி இடதுபுறம்.' இரவில் 4 கிலோமீட்டரை கம்ப்யூட்டர் எண்ணாமல் விட்டிருந்தால், 143.6 வருவதற்குள் திரும்ப வேண்டிய இடம் 4 கிலோமீட்டர் பின்னால் போயிருக்கும். அந்த நேரத்தில் விசாரிக்கவும் ஆள் இருக்காது.

கம்பியில்லாமல் என்ன நடக்கிறது

கோளாறைப் பிடிக்க, கம்ப்யூட்டர் எப்படி எண்ணுகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். முன்சக்கரத்து ஸ்போக்கில் ஒரு காந்தம், ஃபோர்க்கில் சென்சார். சென்சாருக்குள் ரீட் சுவிட்ச் என்ற சின்னக் கண்ணாடிக் குழாய். காந்தம் கடக்கும்போது அதற்குள் இருக்கும் இரண்டு தகடுகள் ஒட்டிக்கொள்ளும். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு. 700×25 டயரென்றால் ஒரு சுற்று 2105 மில்லிமீட்டர், அதை நீங்களே கம்ப்யூட்டரில் ஏற்றியிருப்பீர்கள். துடிப்பை எண்ணிப் பெருக்குவது தவிர கம்ப்யூட்டருக்கு வேறு வித்தை எதுவும் தெரியாது.

அந்தத் துடிப்பு ஹேண்டில்பாருக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதில்தான் விவகாரம். 'அனலாக் வயர்லெஸ்' என்று விற்கிற மலிவு வகைகளில் சென்சாருக்குள் ஒரு கம்பிச்சுருள், கம்ப்யூட்டருக்குள் இன்னொன்று. சென்சார் சுருளில் சில கிலோஹெர்ட்ஸ் முதல் நூற்றுச் சொச்சம் கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வில் ஒரு கணம் மின்சாரம் பாயும். அதன் காந்தப்புலத்தை மேலே இருக்கும் சுருள் உணரும். வானொலி அலை என்று பெயருக்குச் சொன்னாலும் இது உண்மையில் காந்தத் தொடர்புதான். 100 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 கிலோமீட்டர், சென்சாருக்கும் திரைக்கும் நடுவே இருப்பதோ முக்கால் மீட்டர்கூட இல்லை. இவ்வளவு நெருக்கத்தில் காந்தப்புலம் தூரத்தின் கனத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும். தூரம் இருமடங்கானால் வலிமை எட்டில் ஒன்று. 60, 70 சென்டிமீட்டருக்கு மேல் எட்டாது என்று தயாரிப்பாளர்கள் போடுவது இதனால்தான். இந்தக் கன விதியை ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் வைத்தியமும் இதை வைத்துத்தான்.

இனி விளக்கு. எல்இடிக்கு வோல்ட்டேஜை அப்படியே கொடுத்தால் போதாது, ஒரே அளவான கரண்ட் கொடுக்க வேண்டும். லித்தியம் செல்லோ நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட், தீரும்போது ஏறக்குறைய 3. இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யத்தான் விளக்குக்குள் டிரைவர் சர்க்யூட் இருக்கிறது. அது மின்சாரத்தை நொடிக்கு லட்சக்கணக்கான தடவை வெட்டி வெட்டி ஒரு சுருள் வழியாக அனுப்புகிறது. அந்தச் சுருளும் சுற்றிலும் காந்தப்புலத்தைப் பரப்பும். வெட்டு கூர்மையாக இருப்பதால் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளும் சேர்ந்து கிளம்பும்.

போதாததற்கு வெளிச்சத்தைக் குறைக்கும் முறை ஒன்று. பல விளக்குகளில் 'லோ' என்றால் கரண்ட் குறைவு என்று அர்த்தமில்லை. முழுக் கரண்ட்டை நொடிக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் தடவை விட்டு விட்டுக் கொடுக்கிறார்கள். கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், கம்ப்யூட்டருக்கோ துடிப்பு மழை. 'ஹை'-ல் ஒழுங்காக இருந்த கம்ப்யூட்டர் 'லோ'-வில் தடுமாறுவதைப் பார்த்து, மின்சாரம் குறைவாகத்தானே போகிறது என்று குழம்புகிறவர்கள் உண்டு. குழப்பத்துக்கு இதுதான் விடை.

பொய்த்துடிப்பு வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். நிற்கிற சைக்கிளில் நொடிக்கு 20 பொய்த்துடிப்பை கம்ப்யூட்டர் நம்பிவிட்டால், 20 × 2.105 = நொடிக்கு 42.1 மீட்டர். மணிக்கு 151 கிலோமீட்டருக்கு மேல்! சில கம்ப்யூட்டர்களுக்கு உச்சவரம்பு இருக்கிறது, கேட்ஐ மாடல்கள் பலவற்றில் 105.9. அதைத் தாண்டியதைக் காட்டாது. இரைச்சல் இடைவிடாமல் கொட்டினால் நிலைமை வேறு. உண்மையான துடிப்பு அதில் மூழ்கிவிடும், திரையில் பூஜ்யம். எந்த விளக்கு எந்தக் கோளாறைத் தரும் என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சந்தைக் கூச்சலில் பாதிக்கப்படுவது கேட்பவரின் காதுதான், பேசுபவரின் வாயல்ல. சென்சார் அனுப்பும் பொருள், கம்ப்யூட்டர் கேட்கும் பொருள். ஆகவே விளக்கு சென்சாருக்குப் பக்கத்தில் இருந்தால் பாதகமில்லை, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருப்பதுதான் வினை. நாமோ கிளாம்ப் மாட்ட வசதி என்று இரண்டையும் ஹேண்டில்பாரில் ஒட்டி உட்கார வைக்கிறோம்.

குற்றவாளியை உறுதி செய்தல்

விளக்கைச் சந்தேகிக்கும் முன் சாதாரணக் காரணங்களைக் கழித்துவிடுங்கள். சென்சாரில் இருப்பது பெரும்பாலும் சிஆர் 2032 பட்டன் செல். புதியது மல்ட்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.8-க்குக் கீழே போனதை நெடும்பயணத்துக்கு நம்பவேண்டாம். சோர்ந்த செல் என்றால் சென்சாரின் குரல் மெலிந்துவிடும், நல்ல விளக்குகூட அதை அமுக்கிவிடும். காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி 5 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும்.

பிறகு சோதனை. இருவர் இருந்தால் சுலபம். ஒருவர் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட, மற்றவர் திரையைப் பார்க்கலாம். முதலில் விளக்கில்லாமல். வேகம் ஏறி, சக்கரம் தளரத் தளரச் சீராக இறங்க வேண்டும். அடுத்து விளக்கைப் போட்டு ஹை, மீடியம், லோ, ஃபிளாஷ் என ஒவ்வொன்றிலும் இதையே செய்யுங்கள். ஒவ்வொரு நிலையிலும் சக்கரத்தை நிறுத்தி வைத்தும் ஒரு நிமிடம் பாருங்கள். பொய்த்துடிப்பு நிற்கிற சக்கரத்தில்தான் பளிச்சென்று தெரியும். ஓடும்போது 24-க்குப் பதில் 27 காட்டினால் யார் கவனிக்கப்போகிறார்கள்?

கோளாறு தெரிந்துவிட்டால், விளக்கை கிளாம்ப்பிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். எரிந்தபடியே கம்ப்யூட்டரிலிருந்து மெல்ல விலக்குங்கள். எங்கோ ஓரிடத்தில் எண் சட்டென்று நிதானத்துக்கு வரும். அந்தத் தூரத்தை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் சைக்கிளுக்கான பாதுகாப்பு இடைவெளி. அப்படியே விளக்கை அதன் அச்சில் கால்வட்டம் திருப்பியும் பாருங்கள். இரண்டு சுருள்களும் ஒன்றுக்கொன்று குறுக்காக நின்றால் தொடர்பு வெகுவாகக் குறையும். சில விளக்குகள் திருப்பிய மாத்திரத்தில் சாந்தமாகிவிடும்.

ஏற்கெனவே முடித்த பயணத்துக்கும் சாட்சி உண்டு, உச்சவேகப் பதிவு. சமதளமான கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிவிட்டு வந்த பிறகு உச்சவேகம் 91.4 என்று இருந்தால் அது உங்கள் தொடையின் சாதனையல்ல. அந்தப் பயணத்தின் மொத்தத் தூரத்தையும் நம்பாதீர்கள்.

வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் ஏதாவது கிடந்தால் அதைவிட நல்ல கருவி இல்லை. பண்பலை வேண்டாம், மத்திய அலையில் வையுங்கள். நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, எரிகிற விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். டிரைவரின் இரைச்சல் உறுமலாகவோ கீச்சென்றோ கேட்கும். நிலையை மாற்றினால் சுருதியும் மாறும். ஹையில் அமைதியாக இருந்து லோவில் ரீங்காரம் கிளம்பினால், வெட்டி வெட்டி மங்கவைக்கும் ரகம் என்று அர்த்தம். சென்னை நிலையத்தை 720 கிலோஹெர்ட்ஸில் வைத்துக்கொண்டு, விளக்கு எத்தனை அங்குலத்தில் செய்தியை அமுக்குகிறது என்று பார்த்தால் இரண்டு விளக்குகளை ஒப்பிடவும் முடியும். கம்ப்யூட்டரின் அதிர்வெண் வேறு என்பதால் இது தீர்ப்பல்ல, துப்பு மட்டுமே. ஆனாலும் இரண்டு நிமிட வேலைக்கு நிறையச் சொல்லிவிடும்.

வைத்தியம்

முதல் மருந்து இடைவெளி. செலவும் இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து 5 சென்டிமீட்டரில் இருக்கும் விளக்கை 15-க்குத் தள்ளினால், கன விதிப்படி தொல்லை 27-ல் ஒன்றாகிவிடும். ஒரு சாண் இடம் கிடைத்தால் பெரும்பாலான வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும். சென்சார் இடது ஃபோர்க்கில் என்றால் கம்ப்யூட்டரை ஸ்டெம்மின் மேலேயோ இடப்பக்கமோ வைத்து, விளக்கை வலது கோடிக்குக் கொண்டுபோங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. சென்சாருக்கும் திரைக்கும் இடையே 70 சென்டிமீட்டர் இருந்ததை 55 ஆக்கினால் சென்சாரின் குரல் இரட்டிப்பாகக் கேட்கும். அதுவும் அதே விதிதான்.

ஹேண்டில்பாரில் இடமே இல்லை என்றால் ஃபோர்க்கின் தலைப்பகுதியில் விளக்கை மாட்டலாம். பிரேக் போல்ட்டில் பொருத்துகிற தகடு கடைகளில் கிடைக்கிறது. தொங்கவிட்டு மாட்டலாமா என்று கேட்பார்கள். வட்டமாக வெளிச்சம் பரப்பும் விளக்கென்றால் தாராளமாக. ஜெர்மன் விதிப்படி மேல்விளிம்பு வெட்டிய ஒளிக்கற்றையுள்ள விளக்கைக் கவிழ்த்து மாட்டக்கூடாது, எதிரே வருகிறவர் கண்ணில் போய் அடிக்கும். ஹெல்மெட் விளக்கு நல்ல தீர்வுதான். வழித்தாளைப் படிக்கவும் பஞ்சர் ஒட்டவும் அது எப்படியும் வேண்டும்.

பேட்டரி பெட்டி தனியாகவும் விளக்கு தனியாகவும் இருக்கும் ரகங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 8.4 வோல்ட் பெட்டியை மேல்குழாயில் கட்டி, கேபிளை ஸ்டெம் மேலாகச் சுற்றி விளக்குக்குக் கொண்டுபோவது நம் வழக்கம். கம்ப்யூட்டரைச் சுற்றி அந்தக் கேபிள் ஒரு வளையமே போட்டிருக்கும். போகும் கம்பிக்கும் வரும் கம்பிக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அந்த வளையமே ஆண்டெனா. கேபிளை ஸ்டெம்முக்குக் கீழே, கம்ப்யூட்டருக்கு எதிர்ப்பக்கமாக இழுங்கள். மிச்சமிருப்பதைச் சுருட்டித் திரைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உள்ளே இரண்டு கம்பிகள் தனித்தனியாக ஓடினால், இரண்டையும் இறுக்கமாக முறுக்கிவிடுங்கள். ஒரு முறுக்கில் எழும் புலத்தை அடுத்த முறுக்கு அழித்துவிடும். தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இதைவிடச் சிக்கனமான சிகிச்சை கிடையாது.

எல்லோரும் பரிந்துரைக்கிற ஃபெரைட் கிளிப், லேப்டாப் சார்ஜர் கேபிளில் பருமனாக இருக்குமே அதுதான், இங்கே பாதி மருந்து. மெகாஹெர்ட்ஸ் கணக்கில் ஓடும் இரைச்சலை அது நன்றாக அடைக்கும். அனலாக் கம்ப்யூட்டர் கேட்கிற தாழ்ந்த அதிர்வில் ஒரே ஒரு சுற்று கேபிள் மேல் மாட்டிய கிளிப்புக்கு வேலை குறைவு. மாட்டுவதென்றால் உள்ளே மூன்று தடவை சுற்றுங்கள், தடை ஒன்பது மடங்காகும். சமையலறை அலுமினிய ஃபாயில் இதற்குச் சுத்தமாக உதவாது. 100 கிலோஹெர்ட்ஸில் காந்தப்புலத்தைக் கணிசமாகத் தடுக்க கால் மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள அலுமினியம் வேண்டும், ஃபாயிலின் கனம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. விளக்கைச் சுற்றி ஃபாயில் சுற்றினால் சூடு வெளியேறாமல் எல்இடிதான் சாகும்.

'சிஇ முத்திரை உள்ள விளக்கு என்றால் தொல்லை இருக்காது அல்லவா?' என்று கேட்கிறார்கள். நேர்மையாக வாங்கிய முத்திரை என்றால் குறையும், ஆனால் உத்தரவாதமில்லை. அந்த விதிகளின் நோக்கம் சுற்றுவட்டாரத்து வானொலி, தொலைக்காட்சிகளைக் காப்பது. உயர் அதிர்வெண் கதிர்வீச்சை அளக்கிற ஆண்டெனாவைச் சில மீட்டர் தள்ளித்தான் வைக்கிறார்கள். கம்ப்யூட்டரை 4 சென்டிமீட்டரில் வைக்கப்போகும் நம்மை மனதில் வைத்து யாரும் அந்த எல்லையை வகுக்கவில்லை. அதனால் நல்ல பெயருள்ள விளக்கும் மாட்டிக்கொள்ளலாம், ரோட்டோரக் கடை விளக்கும் தப்பிக்கலாம். சோதித்துப் பார்ப்பது தவிர வழியில்லை.

டிஜிட்டலுக்கு மாறினால்?

தீரும், பெரும்பாலும். ஆன்ட் பிளஸ், ப்ளூடூத் இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் பேசுகின்றன. விளக்கின் டிரைவர் இரைச்சல் அவ்வளவு உயரத்துக்கு ஏறுவதற்குள் களைத்துவிடும். அதோடு ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. பக்கத்தில் வரும் நண்பரின் வேகம் உங்கள் திரையில் தெரிகிற பழைய அனலாக் வேடிக்கையும் ஒழியும். ஆன்ட் பிளஸ் 2457 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே இடத்தில் நின்று நொடிக்கு நான்கு முறை சுருக்கமாகப் பேசும். வைஃபையின் 10-ஆம் சானலுக்கும் மையம் அதே 2457. கடைத்தெருவில் நின்றிருக்கும்போது ஓரிரு வினாடி எண் விட்டுப்போனால் ஆச்சரியப்படாதீர்கள். ப்ளூடூத் லோ எனர்ஜி 37 சானல்களில் தாவித் தாவிப் பேசுவதால் ஓரிடத்தில் நெரிசல் என்றால் வேறிடத்தில் சமாளித்துக்கொள்ளும்.

இங்கே வேறொரு எதிரி, தண்ணீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை ஈர உடம்பு விழுங்கிவிடும். முன்சக்கர சென்சாரின் தகவலை முதுகுப்பையில் கிடக்கும் செல்போன் வாங்க வேண்டுமென்றால், மழை நாளில் அறுந்து அறுந்துதான் வரும். போனை ஹேண்டில்பாரில் வைத்தால் சரியாகிவிடும். ஓடும்போதே பவர் பேங்கிலிருந்தோ ஹப் டைனமோ சார்ஜரிலிருந்தோ ஜிபிஎஸ்ஸுக்கு மின்சாரம் கொடுக்கிறவர்கள், அந்தப் பெட்டிகளுக்குள்ளும் இதே வெட்டிச் சீராக்கும் சர்க்யூட்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அவற்றையும் திரையிலிருந்து தள்ளியே வையுங்கள். ஹப் டைனமோ தானாக எதையும் குழப்பாது, மணிக்கு 20 கிலோமீட்டரில் அதன் மின்சாரம் ஏறக்குறைய 37 ஹெர்ட்ஸ்தான்.

இவ்வளவும் படித்துவிட்டு எதை வாங்குவது என்று கேட்டால், வழித்தாள் பார்த்து ஓட்டுகிறவருக்கு என் ஓட்டு கம்பி வைத்த பழைய ரகத்துக்கே. ரீட் சுவிட்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி நேரே திரைக்கு வரும், எந்த விளக்கும் அதை அசைப்பது அரிது. விலையும் குறைவு, சென்சாருக்குத் தனி பேட்டரியும் வேண்டாம். சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் ரயிலேற்றுகிறபோது கம்பி மாட்டிக்கொண்டு அறுபடலாம், அதுதான் குறை. அனலாக் வயர்லெஸ்தான் வேண்டுமென்றால் உங்கள் விளக்கையும் கடைக்கு எடுத்துப்போங்கள். சென்சாரையும் காந்தத்தையும் கையில் பிடித்து, காந்தத்தை ஆட்டிக் காட்டினாலே திரை எண்ணும். விளக்கை எரியவிட்டு அங்கேயே பார்த்துவிடலாம்.

சாலையில் வைத்து நேர்ந்தால்

விளக்கை மட்டும் அணைக்காதீர்கள், எண் போனால் போகட்டும். முதலில் நிலையை மாற்றிப் பாருங்கள்: லோவில் தடுமாறினால் ஹை, ஃபிளாஷில் என்றால் நிலையான வெளிச்சம். ஹையில் ஓட்டினால் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஓரமாக நின்று விளக்கை ஹேண்டில்பாரின் கோடிக்கு நகர்த்துங்கள். இதற்காகவே ஆலன் கீ இல்லாமல் கையாலேயே கழற்றும் ரப்பர் பட்டை கிளாம்ப் நல்லது. ரயில் பாதைக்கு இணையாகவோ உயர் அழுத்த மின்கோபுரங்களுக்கு அடியிலோ போகும்போது மட்டும் எண் தாறுமாறானால் விளக்கை நோண்டாதீர்கள். அந்த இடத்தைக் கடந்ததும் தானே சரியாகும்.

எதற்கும் மசியவில்லை என்றால், கட்டுப்பாட்டுச் சாவடிகளின் தூரம் உங்கள் பிரெவே அட்டையிலேயே அச்சாகியிருக்கும். ஒவ்வொரு சாவடியிலும் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, அங்கிருந்து அடுத்த திருப்பம் எத்தனை கிலோமீட்டர் என்று வழித்தாள் எண்களைக் கழித்து ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிழை சேர்ந்தாலும் அந்தத் துண்டுக்குள் அடங்கிவிடும். நடுவே மைல்கற்கள் இருக்கின்றன. மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலை. சாவடியை விட்டதும் வரும் முதல் கல்லில் அடுத்த ஊருக்கு 38 என்றிருந்து, இப்போது கண்ணில் படும் கல்லில் 21 என்றிருந்தால், முதல் கல்லிலிருந்து 17 கிலோமீட்டர் வந்துவிட்டீர்கள்.